இன்ஜின் ஓடாமலே ஏறிய பிக்கப்

என் டியூனிங் மோசம் என்று ஒரு கைப்பெட்டி சொல்லிவிட்டது. எண்பதுகளின் தொடக்கம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் நான் ஒன்பது வருஷமாக மெக்கானிக். சீசன் நேரம் வேறு. சாரலில் நனைந்த கார்கள் வாசல்வரை நின்றன.

பெட்டியைக் கொண்டுவந்தவர் மதராஸ்காரர். இன்ஜினியராம். எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்கவில்லை. பூட்ஸ் போட்டிருந்தார், முதலாளிக்கு அது போதும். பெட்டியின் பெயர் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர். டேஷ்போர்டில் வைத்துக் கட்ட வேண்டும். கார் முன்னே பாயும்போது உள்ளே தொங்கும் குண்டு பின்னால் போகும், முள் ஏறும். அதுதான் பிக்கப் அளவு.

சிவகிரி அண்ணாச்சி ஒருவரின் அம்பாசிடரை எடுத்தோம். முந்தின நாள்தான் நான் டியூன் செய்தது. நான் ஓட்ட, பக்கத்தில் இன்ஜினியர், பின்னால் முதலாளியும் அண்ணாச்சியும். மேலகரம் பக்கம் சமமான ரோட்டில் செகண்ட் கியரில் மிதித்தேன். முள் பதினாலைத் தொட்டது.

பிறகு இன்ஜினியர் கார்புரேட்டருக்கு அடியில், பிக்கப்பைக் கூட்டும் என்று தான் விற்க வந்த பித்தளை வளையத்தைப் பொருத்தினார். பெட்டியையும் கழற்றித் துடைத்து மறுபடி வைத்தார். அதே ரோடு, அதே மிதி. பத்தொன்பது!

முதலாளி, அண்ணாச்சி முன்னாலேயே திட்ட ஆரம்பித்தார். “ஏலே சங்கரலிங்கம், ஒம்பது வருசமா என்னத்தலே கிழிச்ச? நாளையிலருந்து கார் களுவுனா போதும். கார்புரேட்டர்ல கைய வைக்காத.”

காது சுட்டது. ஆனால் மிதித்தவன் நான். வண்டி முன்னைவிட வேகமாகப் பாய்ந்ததாக என் முதுகுக்குத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். முள் ஐந்தில் நின்றது.

“அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாருங்க.”

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “ஏ இன்ஜினியரே, வண்டி நிக்குது, இன்ஜினும் ஓடல. முள்ளு எங்கவே போவுது?”

“அது... மெஷின் வார்ம்-அப் சார்.”

“அப்போ பெட்ரோலே ஊத்தாண்டாம்னு சொல்லுதீரு!”

கட்டை அவிழ்த்துப் பெட்டியைத் தூக்கினேன். முன்பக்கத்துக்கு அடியில் மடித்த கைக்குட்டை. பெட்டி பின்னால் சாய்ந்ததால் குண்டும் பின்னால் போயிருந்தது. கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பெட்டியை மறுபடி கட்டியதும் முள் பூஜ்யத்துக்கு வந்தது. வளையத்தோடு மறுபடி ஓட்டினேன். பதினாலு.

வண்டி நின்றதும் இன்ஜினியர் இறங்கி, வந்த திருநெல்வேலி பஸ்ஸைக் கை காட்டி ஏறிவிட்டார். பெட்டியைக் கழற்றக்கூட நிற்கவில்லை. அன்று சாயங்காலமே முதலாளி வருகிறவர்களிடமெல்லாம், “பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிட்டுல்லா!” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னை மறுபடி கார்புரேட்டர் பக்கம் விட்டார். மன்னிப்பெல்லாம் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஸ்டாக் கிடையாது.

அடுத்த வாரம் பெட்டியைச் சமமாக வைத்து, மறுபடி வந்த அதே காரில் பிளக் பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி ஓட்டிப் பார்த்தேன். பதினேழு வந்தது. சந்தோஷப்படப் போனவனுக்கு முகம் தொங்கிவிட்டது. ஒன்பது வருஷமாக நான் காதால் கேட்டு வைத்த டைமிங் பின்தங்கியே இருந்திருக்கிறது.

முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. இளைய மெக்கானிக்குகளான உங்களிடம் சொல்கிறேன். அடுத்தவன் பொய்யைப் பிடித்துவிட்டோம் என்று குதிக்காதீர்கள். மீட்டரைச் சமமாக வைத்து உங்கள் வேலையையும் ஒருமுறை அளந்து பாருங்கள். எனக்கு அதற்குத்தான் தைரியம் அதிகம் தேவைப்பட்டது.