பெருங்காயக் குப்பி

குப்பி காலி என்று அன்று நான் டாக்டர் வசுமதியிடம் சொல்லவில்லை. அவர் காலமான செய்தி பஸ் திருவானைக்காவலைத் தாண்டும்போது போனில் வந்தது. முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குப்பிதான்.

தென்னூரில் அவருடைய ஆய்வறைக்கு வந்தவர்களுக்கு ஐந்து குப்பிகளும் தெரிந்திருக்கும். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே மோப்பம் குறையலாம். அதைச் சோதிக்கும் வெளிநாட்டுப் பெட்டியை அவர் ஓரங்கட்டிவிட்டார். காபித்தூள், பெருங்காயம், துளசி, மல்லிகை, ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டருகே வாங்கிய பச்சைக் கற்பூரம் போதும் என்றார். "தெரியாத வாசனையக் காட்டிட்டு மூக்கு போச்சுன்னு எழுதக்கூடாது."

சனிக்கிழமைதோறும் நோயாளிகள் வருமுன் ஒவ்வொன்றையும் அவரே முகர்ந்து பார்ப்பார். நெடி குறைந்திருந்தால் மாற்றச் சொல்வார். ஒரு சனிக்கிழமை பெருங்காயக் குப்பியைக் கழுவிய நான், அவருடைய உதவியாளர், நிரப்ப மறந்திருந்தேன். காகிதம் சுற்றிய குப்பி. உள்ளே இருப்பது தெரியாது. அவர் முகர்ந்தார்.

"நல்ல நெடி. இருக்கட்டும்."

அதன் பொருள் எனக்குப் புரிந்தது. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன். மேஜைக்குக் கீழே வைத்து நிரப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை நோயாளியின் நாற்காலியில் அவரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தில் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"நீ கீழ வச்சு ரொப்புனதப் பார்த்தேன். மூக்குதான் போச்சு, கண்ணு இருக்கு."

"நீங்களும் சொல்லலையே."

"சொன்னா எழுதணுமே." குப்பியை மூடி வைத்தார். "மூணு மாசமாவே சரியாத் தெரியலம்மா. நெடி போன குப்பிக்கும் பழக்கத்துல தலையாட்டியிருப்பேன். அப்ப வந்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடு."

உப்பிலியபுரத்து விவசாயி ஒருவருக்குப் பெருங்காயம் தெரியவில்லை என்று எழுதியிருந்தோம். இந்த முறை முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார்.

"அடேங்கப்பா! டப்பாவுக்குள்ளயே தலைய விட்ட மாதிரி இருக்கு. போன தடவை என்னத்தக் காட்டுனீங்க?"

"உங்க மூக்கு நல்லாத்தாங்க இருக்கு. தப்பு எங்களோடது," என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கடைசி வாக்கியம்.

அன்று மாலை தன் பெயரில் ஒரு கோப்பு திறந்தார். முதல் வரியில் காலிக் குப்பியை முகர்ந்த நாளை எழுதினார். குப்பிகளை முகரும் வேலை எனக்கு வந்தது.

இந்தச் சனிக்கிழமையும் முகர்ந்தேன். பெருங்காயத்தின் நெடி குறைந்திருந்தது. மாற்றினேன்.