காற்று நின்ற நேரம்

செங்கம் ரோட்டில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு குன்றுக்கு ஆட்டோவில் ஒரு அம்மாவைக் கூட்டிப்போனேன். பாராசூட் மாதிரி விரியும் துணியில் பறப்பவர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், புல் நுனி ஆடுவதைத்தான் பார்ப்பார்.

அன்று என்னையும் கூட்டிக்கொண்டு பறப்பதாக இருந்தார். குன்றின் உச்சியில் எனக்கு வார்களை மாட்டிவிட்டார். சரிவில் ஓடினால்தான் துணி விரிந்து எங்களைத் தூக்குமாம். கீழே, வேடிக்கை பார்க்க வந்த எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் நின்று கத்தினார்கள்.

"டேய், அப்படியே சென்னைக்குப் போயிடாதடா!"

அதுவரை அடித்த காற்று சட்டென்று நின்றது.

"காத்து அடங்கிடுச்சு மேடம். இப்போ ஓடலாங்களா?" என்றேன்.

"அடங்கினதுதான் பயமா இருக்கு. ஜவ்வாது மலைப் பக்கம் மேகத்தைப் பாருங்க, எப்படிக் கறுத்து ஏறுது. இப்போ திருப்பி அடிக்கும். கழட்டுங்கண்ணா."

"எல்லாரும் பாக்குறாங்க மேடம்."

"பாக்கட்டும். சீக்கிரம்!"

துணியைச் சுருட்டி முடிப்பதற்குள் புழுதியோடு காற்று வந்து மோதியது. இருவரும் மூட்டைமேல் விழுந்து அமுக்கினோம். எங்களையும் சேர்த்து இழுத்தது. கத்தியவர்கள் ஆட்டோவுக்குள் ஓடி நுழைந்தார்கள்.

மழை கொட்டியது. அந்த அம்மா நனைந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். தரையை விட்டு ஓரடி கூட எழும்பவில்லை. அவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.