டெல்லா வின்ட்ரோவின் பேரில் கொடுத்த இனிப்பு

அருசியாக் என்ற பேரை நான் முதலில் கேட்டது தொலைபேசியில், இரைச்சலுக்கு நடுவே. பெய்ரூத்திலிருந்து என் கொழுந்தனார் கரபெத் பேசினார். "அண்ணி, என் பொண்டாட்டியோட சித்தி பொண்ணு அருசியாக்கை உங்ககிட்ட அனுப்புறோம். வண்டி நல்லா ஓட்டுவா. வாய்தான் கொஞ்சம் நீளம்." எந்தச் சித்தி, அலெப்போவில் கட்டிக்கொடுத்தவளா, தையல்காரருக்கு இரண்டாம் தாரமாகப் போனவளா என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. தையல்காரரின் மகள்தான். வந்திறங்கியதும் மூக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஹாலிவுட்டில் அவளுக்குக் கிடைத்த வேலையை ஊரில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. டுவேன் என்று ஒருவர், செத்துப்போன நடிகர் நடிகைகளுக்கென்று இரண்டு அறையில் மியூசியம் வைத்திருந்தார். விபத்தில் நசுங்கிய காரின் கதவு, யாரோ கடைசியாகத் தண்ணீர் குடித்த கிளாஸ், இப்படிச் சாமான்கள். பழைய சவ வண்டியில் சீட்டுப் போட்டு, எந்த வீட்டில் யார் எப்படிச் செத்தார் என்று காட்டவும் ஆட்களை அழைத்துப் போவார்கள். அந்த வண்டியை ஓட்டியது அருசியாக். கதை சொன்னதும் அவள்தான்.

அவள் சொன்னது எங்கள் ஆர்மீனிய வீட்டு வழக்கப்படி. எப்படிச் செத்தார் என்பது ஒரு வரி. அடக்கத்துக்கு யார் வந்தார், எந்த மச்சினன் வரவில்லை, எந்த முன்னாள் பெண்டாட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள் என்பது பத்து வரி. முடிவில், "அவங்க ஆத்மாவுக்கு ஒளி கிடைக்கட்டும்" என்று சொல்லி, இறந்தவர் பேரில் கொடுக்கும் மாவு இனிப்பை ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பாள். வந்தவர்கள், பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனில் கொடுக்கிற மிட்டாய் என்று நினைத்து இன்னொன்று கேட்பார்கள். டுவேன் முதலில் முணுமுணுத்தார். பிறகு கூட்டம் கூடியதும் வாயை மூடிக்கொண்டார்.

ஹாலோவீன் மாதத்தில் எல்லோரும் கேட்டு வந்தது டெல்லா வின்ட்ரோவின் வீட்டைத்தான். பேய்ப் படங்களில் நடித்தவள், சொந்த வீட்டு மாடிப்படியில் விழுந்து செத்தாள். அன்றைக்கு அவள் போட்டிருந்த ஷூ என்று ஒரு ஜோடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த பத்தாவது வருஷம், அக்டோபர் பிறந்த கையோடு, பக்கத்து ஊரான கிளெண்டேலில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து நர்ஸ் ஒருத்தி மியூசியத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது அருசியாக்.

"எங்க இல்லத்துல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ஷூ உங்ககிட்ட இருக்காம். திருப்பித் தரணுமாம்."

"யாருங்க அவங்க?"

"டெல்லா வின்ட்ரோன்னு சொல்றாங்க. இடது ஷூ வார்ல நீல நூல் தையல் இருக்குமாம்."

அருசியாக் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நீல நூல் இருந்தது. நேரே என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, உயிரோட இருக்கிறவ பேர்ல பத்து வருஷமா இனிப்பு கொடுத்திருக்கேன்!"

எங்களில் அது சாதாரணமான விஷயம் இல்லை. இருப்பவளைக் குழிப்பக்கம் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. பாதிரியாரிடம் போனோம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வேண்டிக்கிட்டதைத் திரும்ப வாங்குறதுக்கு என் புத்தகத்துல ஜெபம் இல்லம்மா. முதல்ல அது யாருன்னு தெரிஞ்சுட்டு வாங்க."

டுவேன் சிரித்தார். "அக்டோபர் வந்தா இந்த மாதிரி மூணு போன் வரும். போன வருஷம் ஒருத்தன் தன்னோட தலையையே திருப்பிக் கேட்டான். அந்த ஷூ பழைய சாமான் கடையில வாங்கினது, அருசியாக். டெல்லா அதைக் கண்ணாலகூடப் பார்த்திருக்க மாட்டா."

"அப்போ நீல நூல் எப்படித் தெரியும்?"

"நோட்டீஸ்ல படம் போட்டிருக்கோமே."

நோட்டீஸை வாங்கிப் பார்த்தோம். எனக்கு நூல் தெரிகிற மாதிரி இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

மியூசியத்தில் மாட்டியிருந்த, டெல்லாவின் அடக்கத்தன்று பிடித்த படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் கிளெண்டேலுக்குப் போனோம். சக்கர நாற்காலியில், உதட்டுக்கு வெளியேயும் சாயம் பூசிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க டெல்லாவா?" என்று அருசியாக் கேட்டாள்.

"ஆமா."

"அப்போ செத்தது யாரு?"

"டெல்லா." படத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால் தொப்பி போட்டு நின்றவளைத் தொட்டுக் காட்டினாள். "இது நான். ரூத் வரவே இல்ல பாரு. என் கூடப்பிறந்தவ, வரல."

"ரூத் உங்க தங்கச்சியா?"

"ஆமா. இல்ல..." அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரூத்துன்னு என்னைத்தான் கூப்பிடுவாங்களோ?"

நான் சம்பந்தம் பேசுகிறவள் மாதிரி விசாரித்தேன். அப்பா பேர், அம்மா பேர், பிறந்த ஊர் எல்லாம் மியூசியத்துச் சுவரில் எழுதியிருந்தபடியே சொன்னாள். ஆனால் அக்காவானாலும் தங்கையானாலும் அப்பா அம்மா ஒன்றுதானே? போகும்போது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பித் திரும்பினோம்.

"தெரியற வரைக்கும் அந்த வீட்டை விட்டுடலாமா?" என்று அருசியாக் டுவேனிடம் கேட்டாள்.

"ஹாலோவீனுக்கு டெல்லா இல்லேன்னா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் டுவேன். "செத்துட்டான்னு சொல்லு. சொல்ல முடியாதுன்னா சாவியை வெச்சிட்டுப் போ."

அந்த வேலைச் சம்பளத்தில்தான் அவள் தன் அம்மாவுக்கு மருந்து வாங்கிப் பெய்ரூத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். "சொல்லித் தொலையேன், உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும்" என்று எங்கள் வீட்டுச் செல்லப் பேச்சில் கெஞ்சினேன்.

ஹாலோவீன் அன்று மத்தியானம் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் ஓர் எலும்புக்கூடு, ரத்தம் வழியும் கல்யாணப் பெண், தலையில் கோடாரி செருகிய ஆள் என்று வேஷம் போட்ட பன்னிரண்டு பேர். டெல்லா வீட்டு வாசலில் அருசியாக் வண்டியை நிறுத்தினாள். பின்பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்டுப் படியில ஒருத்தி விழுந்தா. அக்காவா தங்கச்சியான்னு எனக்குத் தெரியல. கிளெண்டேல்ல ஒருத்தி இருக்கா. அவளுக்கும் தெரியல."

"அப்போ செத்தது யாருங்க?" என்றான் கோடாரிக்காரன்.

"ரெண்டு பேருமா?" என்றாள் கல்யாணப் பெண்.

"யாருமே சாகலைன்னு சொல்றாங்கப்பா" என்றது எலும்புக்கூடு.

இறங்கி நடைபாதையில் நின்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரரும் வெளியே வந்து, எனக்கும் சொல்லுங்கள் என்று சேர்ந்துகொண்டார். கல்யாணப் பெண் இனிப்புத் தட்டில் கை வைத்தாள். அருசியாக் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இங்க கிடையாது! அடுத்த வீட்டுல தரேன். அங்க நிச்சயமா செத்திருக்காங்க."

வண்டி முக்கால் மணி நேரம் தாமதமாகத் திரும்பியது. யாரோ போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், டுவேன் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அருசியாக் சாவியை அதில் வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் என்னைக் கேட்டாள்: "அக்கா, நான் செஞ்சது சரியா?"

"எனக்கென்னடி தெரியும்?" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

மறுநாள் அவள் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். எதற்கு மன்னிப்பு என்று அந்த அம்மா மூன்று தடவை கேட்டாளாம், இவளும் மூன்று தடவை சொன்னாளாம். பக்கத்தில் நின்ற நர்ஸ், நீ வண்டி ஓட்டுவாயா என்று விசாரித்திருக்கிறாள்.

அருசியாக் இப்போது கிளெண்டேலில் அந்த முதியோர் இல்லத்தின் வண்டியை ஓட்டுகிறாள்.