வெற்றிலையில் வைத்துக் கொடுத்த முற்பணம்

ஒரு ஐஸ்கிறீம் கொம்பனியின் பெயரில் மாங்குளத்தில் கடை போட ஆசைப்பட்டு, அதற்கான முற்பணத்தை நல்ல நேரம் பார்த்து வெற்றிலையில் வைத்துக் கொம்பனியின் முகவரிடம் கொடுத்தேன். அந்த நேரத்தில் பற்றுச்சீட்டுக் கேட்டால் அபசகுனம் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில், "இடம் சரிவராது, கட்டின காசும் திரும்பாது" என்றார்கள் கொம்பனிக்காரர். என் கையில் பற்றுச்சீட்டும் இல்லை.

கனடாவிலிருக்கும் தங்கச்சிதான் ஞாபகப்படுத்தினாள்: "அக்கா, நீங்கள் காசு குடுக்கேக்க அத்தான் எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினவரெல்லோ? போட்டுப் பாருங்கோ!"

அதில் முகவர் சிரித்தபடி, "இடம் சரிவராட்டி முழுக்காசும் திருப்பித் தருவம்" என்கிறார்!

அந்த வீடியோவைக் கொம்பனிக்கு அனுப்பினோம். ஒரு கிழமையில் காசு வந்தது. அதிலேயே என் சொந்தப் பெயரில் ஐஸ்கிறீம் கடை திறந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் கடையில் நிற்க இடமில்லை!

இப்போதும் காசை வெற்றிலையில்தான் வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் பற்றுச்சீட்டில் கையெழுத்து விழுந்த பிறகுதான் வெற்றிலையை விடுவேன்.