ஒன்றாம் நம்பர் முளைக்குச்சி

திருப்பூரில் என் பனியன் கம்பெனிக்குள் நான் நுழைந்தால், டேப்பை எடுப்பதற்கு முன்பே கட்டிங் மாஸ்டருக்கு வியர்த்துவிடும். முப்பதடி மேஜையில் துணியை ஒரு நூல் கோணலாக விரித்திருந்தாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். பத்தாவதைத் தாண்டாதவன் நான். பெரிய படிப்பு படித்தவர்கள் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் கொடுக்க ஆள் வந்தால் இடையில் யாரும் தேவையில்லை, நானே பேசி முடிப்பேன். இந்தக் கண்ணும் இந்த இங்கிலீஷும் எங்கே கிடைத்தன என்று கேட்பவர்களுக்கு டெக்சாஸில் என்று மட்டும் சொல்வேன். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அங்கே ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அதன் முதலாளி வெள்ளைக்காரர். அப்பா வீட்டில் அவரைத் துரை என்றுதான் சொல்வார். எங்கள் கிரீன் கார்டு அந்தத் துரையின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. விசா முடிய நான்கே மாதம். அந்தக் கையெழுத்துக்காக அம்மா செவ்வாயும் வெள்ளியும் ஒருபொழுது இருந்தாள்.

துரை ஒரு முறை இங்கிலாந்து போய், அங்கே பெரிய மனிதர்கள் பறவை சுடும் விதத்தைப் பார்த்து மயங்கி வந்தவர். அதே மாதிரி டெக்சாஸில் தன் பண்ணையிலும் நடத்த ஆரம்பித்தார். ஃபெசன்ட் என்று ஒரு பறவை, நம் ஊர்ச் சேவல் அளவு, வால் மட்டும் முழ நீளம். ஆட்கள் கழியும் கொடியுமாகப் புதரைத் தட்டிக்கொண்டே வருவார்கள். பறவைகள் மிரண்டு எழும்பி, எதிரே வரிசையாகக் காத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களின் தலைக்கு மேல் பறக்கும். ஒவ்வொருவரும் தனக்கென்று நம்பர் போட்டு நட்ட முளைக்குச்சியின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். பறவைகளை வளர்க்கும் கூண்டைப் பார்க்கவும் புதரைத் தட்டவும் இருந்த ஆட்கள் போய்விட, குச்சி நட ஆள் இல்லை. நாளைக்கு ஒத்தாசைக்கு வர முடியுமா என்று துரை அப்பாவின் மேஜைக்கே வந்து கேட்டாராம். அப்பா அன்று மாலை ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

என்னையும் கூட்டிப் போனார், இங்கிலீஷுக்காக. அப்பாவுக்கு எழுத்து சுத்தம். நிறுத்திப் பேசினால் புரிந்துகொள்வார். பண்ணைக்காரர்கள் வாய்க்குள்ளேயே மென்று பேசுவது மட்டும் அவர் காதில் ஏறாது.

பண்ணை மேஸ்திரி தொப்பி போட்ட குண்டு மனிதர். எட்டுக் குச்சிகளையும் ஒரு சுத்தியலையும் எங்கள் காலடியில் போட்டுவிட்டு என்னிடம் பேசினார். நாற்பது தப்படிக்கு ஒன்று, எல்லாம் ஒரே நேர்கோட்டில். ஏன் என்பதையும் சொன்னார். வரிசையை விட்டு ஒருவன் முன்னால் நின்றால், அடுத்தவன் பறவையைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பும்போது ரவை இவன் மேல் பாயும். "டெல் யுவர் டாடி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, எதிரே இருந்த புதர் மேட்டுக்கு அந்தப் பக்கம் போனார்.

"இத்தன நேரம் என்ன கண்ணு சொல்றான்?" என்றார் அப்பா.

"நாப்பது தப்படிக்கு ஒண்ணாமாங்ப்பா. நேரா இருக்கோணுமாமா."

அவ்வளவுதான் சொன்னேன். என் கை அதற்குள் சுத்தியலில் இருந்தது.

அப்பா தப்படி எண்ணி நடந்தார். நான் அடித்தேன். எட்டாவதை அடித்து முடித்ததும் மண்ணில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எட்டும் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து ஒரே குச்சியாக நின்றன. அந்த நிமிஷம் தலைக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை.

அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரையே பார்த்தார்.

"தொரை எங்க நிப்பாரு?"

"தெரியலீங்ப்பா."

"ஒண்ணாம் நம்பரு அவருக்கில்லாம பின்ன யாருக்கு? அவரப் போயி எல்லாத்தோடவும் வரிசைல நிக்க வெக்கறதா?"

எங்கள் ஊர் மாரியம்மன் தேரில் ஊர்ப் பெரியதனக்காரர் மற்றவர்களுக்குப் பத்தடி முன்னால் நின்றுதான் வடத்தைத் தொடுவார். பின்னால் நிற்கும் கூட்டம் அவர் தொடும்வரை கையை நீட்டாது. அப்பா அந்தக் கூட்டத்தில் நின்று வளர்ந்தவர். குச்சியைப் பிடுங்கினார். பத்துத் தப்படி முன்னால் போய், ஒரு புதரின் ஓரமாக நட்டார்.

"கோடு கோணலாயிருச்சுங்ப்பா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மருவாதி கண்ணு. உனக்குத் தெரியாது, சும்மா இரு."

துப்பாக்கிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். துரை பையிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்தார். அதற்குள் எட்டுத் தகடுகள், நம்பர் வெளியே தெரியாதபடி. ஆளுக்கொன்றாக உருவினார்கள். யாராக இருந்தாலும் சீட்டு விழுந்த இடத்தில்தான் நிற்க வேண்டும், அதுதான் முறை என்று துரை பெருமையாகச் சொன்னார். அவருக்கு ஆறாம் நம்பர் வந்தது. ஒன்றாம் நம்பர் அவருடைய மாமனாருக்குப் போயிற்று. எழுபதைத் தாண்டிய கிழவர்.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. குச்சியை மாற்றத்தானோ என்னவோ, இரண்டு எட்டு எடுத்து வைத்தார். அதற்குள் துரை அவர் தோளில் கையைப் போட்டு "குட் ஜாப்" என்றார். அப்பா நின்றுவிட்டார்.

"மாமனாரும் பெரியவருதானே, போச்சாது" என்று தன்னையே தேற்றிக்கொள்வது போல என் காதில் முணுமுணுத்தார்.

விசில் ஊதியது. மேட்டிலிருந்து பறவைகள் பத்தும் இருபதுமாக எழும்பின. வெடிச் சத்தம் வரிசை நெடுகப் படபடத்தது. இரண்டாம் நம்பரில் நின்றவர் தாழப் பறந்த ஒன்றைத் தொடர்ந்து அப்படியே பக்கவாட்டில் திரும்பிச் சுட்டார். புதருக்கு அந்தப் பக்கம் கிழவர் அலறினார். ரவைகள் காதையும் தோளையும் கிழித்திருந்தன. தடித்த கோட்டு இல்லாவிட்டால் ஆளே இருந்திருக்க மாட்டார். வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

துரை எட்டாம் நம்பருக்கு நடந்து போனார். நான் செய்தது போலவே ஒரு கண்ணை மூடி வரிசையைப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார். மேஸ்திரியும் அவர் பின்னால் வந்து நின்றார்.

"சாரி சார்" என்ற அப்பா, என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "மை சன். ஸ்மால் பாய். ப்ளேயிங், சார்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கோடா கோணல்? துரை என் உயரத்துக்குக் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார். நீயா நகர்த்தினாய்?

"நோ சார். மைன் வாஸ் ஸ்ட்ரெய்ட். மை டாட் மூவ்ட் இட்."

ஏன் நேராக இருக்க வேண்டும் என்பது உன் அப்பாவுக்குத் தெரியுமா? இதையும் அதே மாதிரி நிறுத்தித்தான் கேட்டார். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ் சார். ஐ டோல்ட் ஹிம் எவ்ரிதிங்."

அப்பாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. துரை என் தலையைத் தடவி, நேர்மையான பையன் என்றார். செத்துக் கிடந்த ஒரு பறவையின் வாலிலிருந்து நீளமான இறகை உருவி என் கையில் கொடுத்தார்.

கையெழுத்து வரவில்லை. நான்கு மாதத்தில் ஈரோட்டுக்குத் திரும்பினோம். அப்பா ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தமிழ் எழுத வராமல் பத்தாவதில் கோட்டை விட்டு, திருப்பூரில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனேன். அதற்குப் பின் வந்ததெல்லாம் நானே சம்பாதித்தது, எந்தத் துரையின் தயவும் இல்லை. அந்த மேஸ்திரி சொன்னபடி செய்திருந்தால் என்னவென்று அம்மா சாகும்வரை அப்பாவைத் திட்டினாள். அப்பா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அன்று பண்ணையிலிருந்து அப்பாவும் நானும் காரில் திரும்பினோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் பிரிக்காமல் பின்சீட்டில் கிடந்தது. நான் இறகை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தேன்.

"பாருங்ப்பா, தொரை எனக்குக் குடுத்தாரு."

அப்பா பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"பத்தரமா வெச்சுக்க கண்ணு" என்றார். "பெல்ட்டப் போட்டுக்க."

அங்கே பேசிய இங்கிலீஷ் எதுவும் அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மடியில் இறகோடு நிம்மதியாகத் தூங்கிப்போனேன். துரை எவ்வளவு நிறுத்தி நிறுத்திப் பேசினார் என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை.