பதினேழாம் எண் ஒயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பதினொரு தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒயர்தான் இருந்தது. இதைச் சொன்னால் பதினொரு முதலாளிகளும் மறுப்பார்கள். அவரவர் ஆலையில் அது பத்திரமாக இருக்கிறது என்பது அவரவர் நம்பிக்கை. நம்பிக்கையில் பெரிய தவறும் இல்லை. மாதத்தில் ஏதாவது ஒரு நாள் அங்கே இருந்துதான் இருக்கும்.

ஒயர் என்றால் இரண்டு முழ நீளம். ஒரு முனையை லேப்டாப்பில் சொருக வேண்டும், மறு முனையை இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமைத் திறந்து பார்த்தால்தான் படுத்துவிட்ட இயந்திரம் எதற்காகப் படுத்தது என்று தெரியும். இந்த ஒயரை முறைப்படி வாங்க ஆறு வாரமும் நான்கு மேலாளர்களின் சம்மதமும் வேண்டும். ஆகவே யாரும் வாங்கவில்லை.

பிளாஸ்டிக் பைப் ஆலையில் எலக்ட்ரானிக்ஸ் பார்க்கும் முஜீப், 2003-இல் அதைத் தானே பற்றவைத்துச் செய்தார். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, இறால் பிடிக்காமல் சால்டரிங் கம்பியைப் பிடித்தவர். ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இணையக் குழு ஒன்றில் கேட்க, எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர் சர்க்யூட்டை வரைந்து அனுப்பினார். கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்: தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். என்ன கோளாறு கண்டீர்கள் என்று அடுத்தவருக்கு எழுதி வையுங்கள்.

முஜீப் சொன்னதைச் செய்கிற மனிதர். ஒயரோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் சேர்த்தே இரவல் கொடுத்தார். வாங்குகிறவர்கள் கண்ட கோளாறையும் செய்த வைத்தியத்தையும் அதில் எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த முறை ஒயர் கிடையாது. மூன்று வருடத்தில் நோட்டு மூன்றாவது நோட்டானது.

தொழிற்பேட்டையில் எந்த ஆலையின் கேட்டையும் தாண்டி ஒரு ஸ்குரூ டிரைவர் வெளியே போக மூன்று கையெழுத்து வேண்டும். சாப்பாட்டு கேரியரை மட்டும் எந்த செக்யூரிட்டியும் திறப்பதில்லை. அதனால் ஒயர் எப்போதும் கேரியரின் இரண்டாம் அடுக்கில்தான் பயணம் செய்தது. கடைசியாக யாரிடம் இருந்தது என்று மோந்து பார்த்தே சொல்லலாம். சாம்பார் வாசம் அடித்தால் பேட்டரி கம்பெனி திலகவதி. மீன் என்றால் முஜீப்.

பைப் ஆலையில் முஜீப்புக்கு அது பத்தாவது வருடம். நிரந்தரம் ஆகிவிடக் கூடாதென்று பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அவரை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். மூன்று நாள் வீட்டில் இருப்பார். நான்காம் நாள் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். முதல் இரண்டு முறை கோபம் வந்தது, மூன்றாவது முறை வருத்தம். பிறகு அந்த மூன்று நாளில் வீட்டு மிக்ஸியைப் பழுது பார்க்கத் தொடங்கினார். மிக்ஸி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

2006-இல் தரச் சான்றிதழுக்கு ஆடிட்டர் வருவதாகத் தகவல் வந்தது. மேலாளர் துளசிராமன் முஜீப்பைக் கூப்பிட்டார்.

"டூல் லிஸ்ட்ல அந்த ஒயரும் இருக்குய்யா. நம்பர் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிடு. ஒரு ரிமார்க்கும் வரலன்னா உன்னைப் பர்மனென்ட் பண்ற லெட்டர் ரெடி. வந்துச்சுன்னா, வழக்கம்போல மூணு நாள் ஊட்டுக்குப் போ."

"சரி சார்."

"இன்னாய்யா இது, மூஞ்சிய கொஞ்சம் சந்தோஷமா வச்சுக்கயேன்."

"வச்சினுதான் சார் இருக்கேன்."

திங்கட்கிழமை ஆடிட்டர் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஒயரைக் கையில் எடுத்து, பதினேழு என்ற எண்ணைப் பார்த்து டிக் அடித்தார். மாலையில் ரிமார்க் இல்லாத அறிக்கையில் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் அதே ஆடிட்டர் எதிர் ரோட்டு ரப்பர் ஆலைக்கு. அங்கே பராமரிப்பு பார்க்கும் சுப்பிரமணிக்கு ஒயர் கேரியரில் போய்ச் சேர்ந்தது. சுப்பிரமணி பதினேழின் மேலேயே தன் ஆலையின் நான்காம் எண்ணை ஒட்டினார். ஆடிட்டருக்கோ எதையாவது நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசும் பழக்கம். நான்கு உரிந்தது. அடியில் பதினேழு எட்டிப் பார்த்தது.

"இதை நேத்து ரோட்டுக்கு அந்தாண்ட பார்த்தனே," என்றார்.

"ஒரே மாதிரி நெறைய வருது சார்," என்றார் சுப்பிரமணி.

"வாசனையுமா?"

சுப்பிரமணியின் ஆலைக்கு ரிமார்க் விழுந்தது. ஆடிட்டர் துளசிராமனுக்கு போன் செய்து, உங்கள் ஒயர் வெளியே திரிகிறது என்றார். அன்று மதியமே ஒயர் திரும்பி வந்து கண்ணாடி அலமாரிக்குள் போனது. நோட்டுக்கு எண் கிடையாது என்பதால் அதை யாரும் கேட்கவில்லை. அது சுப்பிரமணியிடமே தங்கிவிட்டது.

அறிக்கை சுத்தமாக இருந்ததால் முஜீப்புக்குக் கடிதமும் கிடைத்தது. கடைசிப் பத்தியில், பதினேழாம் எண் கருவிக்கு அவரே பொறுப்பு, அது வெளியே போனால் நியமனம் ரத்து என்று இருந்தது. அலமாரிச் சாவியும் கூடவே வந்தது.

வீட்டில் மனைவி ஜபீன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"பத்து வருசம் ஆச்சுங்க. வாயத் தொறந்து சந்தோஷம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சந்தோஷம்," என்றார் முஜீப்.

அவள் கடிதத்தை மடித்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். முஜீப் மிக்ஸியைப் பார்த்தார். அதற்கு எந்தக் குறையும் இல்லை.

மூன்றாவது வாரம் சுப்பிரமணி காலி கேரியரோடு பைப் ஆலை கேட்டில் வந்து நின்றார்.

"பாய், ஒயரு. காலையிலேர்ந்து பிரஸ்ஸு படுத்துக்கினு கெடக்குது. சாயந்தரத்துக்குள்ள ஓடலன்னா நாளைக்கு வராதேன்ட்டான் மேனேஜரு. ஏற்கெனவே அந்த ரிமார்க்கு வேற."

"பூட்டி வச்சிருக்கு."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"அப்பொ இன்னா பேஜாரு?"

"அதான் பேஜாரு."

சுப்பிரமணி கேரியரைக் கம்பிக்குள் நீட்டினார். "நைனா, நீ பண்ண ஒயருதானே அது," என்றார். முஜீப் கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே கொண்டுபோக அனுமதிப் படிவம் எழுதி முறைப்படியே கேட்டுப் பார்த்தார். துளசிராமன் படிவத்தைத் தொடவில்லை.

"நம்ம சொத்து வெளிய எதுக்குப் போவணும்?"

"நம்ம சொத்து இல்ல சார். நான் பண்ணது."

"பதினேழுன்னு போட்டிருக்கே."

"நான்தான் சார் ஒட்டினேன்."

"ஒட்டிட்ட இல்ல? அவ்ளோதான்."

முஜீப் வெளியே வந்தார். பயமாக இருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பழைய சாமான் அறைக்குப் போய், செத்துப்போன பிரிண்டர் ஒன்றின் ஒயரைப் பிடுங்கினார். அதுவும் கறுப்பு, அதுவும் இரண்டு முழம். அலமாரியைத் திறந்து, பதினேழாம் எண்ணை எச்சில் தொட்டு மெதுவாக உரித்து, பிரிண்டர் ஒயரில் ஒட்டி, சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினார். எண் இருந்த இடத்தில் எண் இருந்தது. எண் இல்லாத ஒயர் கேரியரின் இரண்டாம் அடுக்குக்குப் போனது.

கேட்டில் செக்யூரிட்டி அரசப்பன் கேட்டார்: "இன்னா பாய், சோறு மிச்சமா?"

"ஆமா. சுப்பிரமணி இன்னும் சாப்புடல."

"பசியோட நிக்கிறாரு பாரு. குடுத்துட்டு வா."

மாலை ஐந்தேகாலுக்கு ரப்பரை அழுத்தும் அந்த பிரஸ் ஓடியது. சுப்பிரமணி நோட்டில் ஒரு பக்கம் எழுதினார். மறுநாள் ஒயரும் நோட்டும் ஓர் எஃகு ஆலைக்குப் போயின. அங்கிருந்து திலகவதியிடம். பைப் ஆலைக்கு அவை திரும்பி வரவே இல்லை. அங்கேதான் ஒயர் பூட்டிப் பத்திரமாக இருக்கிறதே. இயந்திரம் படுத்தால் முஜீப் காலி கேரியரோடு மற்றவர்களைப் போலவே போய் வாங்கி வந்தார், நோட்டில் எழுதினார், திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் அதே ஆடிட்டர் வந்தார். முஜீப் அலமாரியைத் திறந்தார். பக்கத்தில் துளசிராமன் நிமிர்ந்து நின்றார். ஆடிட்டர் ஒயரை எடுத்தார், எண்ணைப் பார்த்தார். முனையைத் திருப்பிப் பார்த்தார். அகலமான பிரிண்டர் முனை. அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணாடிக்கு மேலாக முஜீப்பைப் பார்த்தார்.

"வாசனை போயிடுச்சு போல."

"கழுவியாச்சு சார்."

ஆடிட்டர் ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். டிக் அடித்தார்.

"நல்ல பராமரிப்பு," என்று துளசிராமனிடம் சொன்னார்.

அவர்கள் டீ குடிக்கப் போன பிறகு முஜீப் பிரிண்டர் ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்து, சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினார். பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.