ஆறுதலா வாங்கோ

போன வருடம் மார்ச் மாதம், மெல்பர்னில் இருந்து காரில் நாலு மணி நேரத் தொலைவில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. ஆல்ப்ஸ் என்றால் நம்மவர்களுக்கு சுவிட்சர்லாந்தும் சினிமா டூயட்டும்தான் நினைவுக்கு வரும். எங்கள் விக்டோரியாவிலும் ஓர் ஆல்ப்ஸ் இருக்கிறது. அங்கே மவுன்டன் பைக் ஓட்டுபவர்களுக்கென்று ஒரு சுற்றுப்பாதை உண்டு. முப்பத்திரண்டு கிலோமீட்டர். முதலில் பெரிய ஏற்றம், பிறகு கல்லும் வேருமாக நீண்ட இறக்கம், ஆள் ஓய்ந்துபோன நேரம் பார்த்து மறுபடி செங்குத்தாக ஓர் ஏற்றம், அதைத் தாண்டினால் கிளம்பிய ஊருக்கே வந்து சேரலாம்.

அதற்கு முந்தைய வருடம் தனியாகப் போய், அந்த இரண்டாவது ஏற்றத்தில் தோற்றுப்போனேன். இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு, ஒரு பாறை மேல் உட்கார்ந்து, கீழே ஊரில் தங்கியிருந்த கணவருக்கு போன் செய்தேன். அவர் வந்து என்னையும் சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் பிறகு அலுவலகத்திலும் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிந்த ஆறுதல்களைத்தான் பொறுக்க முடியவில்லை. "நாப்பத்தாறு வயசுல இவ்ளோ தூரம் போனதே பெரிசுப்பா." "உடம்புதான் முக்கியம், விட்டுடு." என் கணவர் ஒரு படி மேலே போய் கேக் வாங்கி வந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு நாள் அந்தக் கேக்கைத் தொடவில்லை. மூன்றாவது நாள் தின்றுகொண்டே, இந்தச் சுற்றை முடிக்காமல் விடுவதில்லை, இனி ஒருத்தர் ஆறுதலையும் காதில் வாங்குவதில்லை என்று சபதம் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மெல்பர்னில் உள்ள கேரம் டவுன்ஸ் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் அவரைச் சந்தித்தேன். என் கார் பின்னால் மாட்டியிருந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு, பட்டுச்சேலையோடு குனிந்து டயரை அமுக்கிப் பார்த்த பெண்மணி. "காத்து கூடிப்போச்சு அக்கா, மலைக்கு இது சரிவராது" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது இளையவர். பஸ் ஓட்டுவது தொழில், சைக்கிள் ஓட்டுவது பொழுதுபோக்கு. நான் தோற்ற கதையைச் சொன்னபோது அவர் உச்சுக்கொட்டவில்லை. "அப்ப எப்ப திரும்பப் போறம்?" என்று மட்டும் கேட்டார். அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது. "நான் கதைக்கிறது விளங்குதோ அக்கா?" என்று கேட்டதற்கு, "ஓம், வடிவா விளங்குது" என்று அவர் பாணியிலேயே பதில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மலையடிவாரத்து ஊரிலிருந்து கிளம்பினோம். என் கணவர் ஊரில் ஒரு பேக்கரி வாசலில் காரை நிறுத்திக்கொண்டு காத்திருப்பதாக ஏற்பாடு. அவர் காத்திருந்ததே என் மேல் நம்பிக்கையில்லாமல்தான் என்று எனக்குப் பட்டது.

முதல் ஏற்றத்தில் தோழி எனக்கு முன்னால் போனார். ஒரு வளைவில் காலை ஊன்றி நின்று, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஆறுதலா வாங்கோ அக்கா, நான் நிக்கிறன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவருமா? ஆறுதல் சொல்லும்படி நான் என்ன பறிகொடுத்துவிட்டேன்? அழுத்தி மிதித்து அவரைக் கடந்துபோனேன். அடுத்த வளைவில் பின்னாலிருந்து மறுபடியும் "ஆறுதலா, ஆறுதலா" என்றார். அதற்குப் பிறகு நான் மிதித்தது சைக்கிளை இல்லை, அந்த வார்த்தையைத்தான். தண்ணீர் குடிக்க நிற்பதாகப் பேசி வைத்திருந்த மேட்டில்கூட நிற்கவில்லை. அவர் பையைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டே இறக்கத்தில் சைக்கிளை விட்டுவிட்டேன்.

இறக்கம் என்றால் சாதாரண இறக்கமில்லை. ஆள் நடந்தாலே சறுக்கும் சரளை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் அவர் கத்துவது கேட்டது. "அக்கா, ஆறுதலா! ஆறுதலா!" எனக்கு வந்த கோபத்தில் பிரேக்கில் இருந்த விரலையும் எடுத்துவிட்டேன்.

வளைவைத் தாண்டியதும் பாதைக்குக் குறுக்கே ஒரு யூகலிப்டஸ் மரம் விழுந்து கிடந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். எழுந்து உட்கார்ந்து பார்த்தால், பள்ளத்தின் விளிம்பு என் ஹெல்மெட்டில் இருந்து ஒரு கை தூரம். முழங்காலில் ரத்தம்.

தோழி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எத்தினை தரம் கத்தினனான்! உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டுச்சு."

"கேட்டுப்போட்டும் ஏன் பிரேக் பிடிக்கேல்லை? போன கிழமை நான் தனிய வந்தபோதே இந்த மரம் கிடந்தது! மேட்டில நிண்டு சொல்லுவம் எண்டிருந்தன்!"

"விழுறதுக்கு முன்னாடியே எதுக்குங்க எனக்கு ஆறுதல்? நான் என்ன அழுதுகிட்டா வந்தேன்?"

அவர் என்னையே பார்த்தார். தலையில் அடிபட்டுவிட்டதோ என்று நினைத்திருப்பார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "ஐயோ அக்கா! எங்கட தமிழில ஆறுதலா எண்டா மெதுவா! மெல்ல வாங்கோ எண்டுதான் காலமையில இருந்து சொல்லுறன்!"

என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. வடிவா விளங்குமாம்! வெட்கமாக இருந்தது. ஒருத்தர் என் உயிரைக் காப்பாற்றக் கத்தியிருக்கிறார், நான் அவர்மேல் வன்மம் வைத்துக்கொண்டு மிதித்திருக்கிறேன்.

அவர் தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார். என் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, திரும்பிப்போயிருந்த ஹேண்டில்பாரை நேராக்கினார். அங்கிருந்து ஊருக்கு நேராக இறங்க, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்பாதை ஒன்று உண்டு. அதைக் காட்டி, "இதால இறங்கலாம். இல்லையெண்டால் மற்ற ஏத்தம். நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றார்.

முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வலித்தது, ஆனால் மடங்கியது. "ஏறலாம். நீங்க முன்னாடி போங்க. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு அதையே சொல்லுங்க" என்றேன்.

அப்படியே சொன்னார். சின்ன கியரில், நடப்பவர்கூட முந்திக்கொண்டு போகும் வேகத்தில் ஏறினேன். வளைவுக்கு வளைவு "ஆறுதலா" என்ற குரல் மேலேயிருந்து வந்தது. ஒரு மிதி, ஒரு மூச்சு. முதல் தடவை நான் தோற்று உட்கார்ந்த பாறை இடது பக்கம் வந்தது. அதைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டிவிட்டு மேலே போனேன். உச்சியில் தோழி சைக்கிளைப் படுக்கப்போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். பேக்கரி வாசலில் கணவர் என் முழங்காலைப் பார்த்துப் பதறி, பிறகு முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கேக் வாங்கப் போனார். அந்தக் கேக்கை உடனே தின்றேன்.

இந்த வருடம் தோழியின் அப்பா யாழ்ப்பாணத்தில் தவறிவிட்டார். காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்தவரைப் பார்க்கப் போனேன். "இப்ப சைக்கிளைத் தொட மனமில்லை அக்கா" என்றார். தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்து குவிந்த ஆறுதல்களெல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றையும் சொல்லப் பிடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வாயில் வந்தது.

"ஆறுதலா வாங்கோ. நான் நிக்கிறன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். அவரை அவசரப்படுத்தாமல் நான் இப்போது அடுத்த வளைவில் காலை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறேன். ஒருவருக்குச் சொல்லக்கூடிய ஆறுதல் இவ்வளவுதான் என்பதை அந்த மலையில் விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.